பட்டியலில் ஒரு அப்பா, வீட்டுக் கதையில் ஒரு அப்பா: நேட்டால் போனவர் யாருடைய பிள்ளை?

#1 ஏட்டுப்பெட்டி

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக என்னைப் பிடித்து ஆட்டுகிற ஒரு கேள்வி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது: "நாலு அண்ணன் தம்பி. தாது வருஷத்துப் பஞ்சத்துக்குப் (1876-78) பிறகு கடைசி ஆள் கப்பலேறிப் போனவர், திரும்பவே இல்லை." அந்த நாலு பேரில் மூத்தவர் என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா. அவர்களுடைய தகப்பனார் பெயர் வெ. கப்பலேறியவர் பெயர் மு. எதிர்த்தரப்புக் குடும்பத்தாரிடம் இன்னும் சம்மதம் கேட்காததால் முதலெழுத்துகளை மட்டும் போடுகிறேன்.

போன வருஷம் டர்பனிலிருந்து (தென்னாப்பிரிக்கா, அந்தக் காலத்து நேட்டால் காலனி) ஒரு குடும்பம் எங்களைத் தேடிப் பிடித்தது. அவர்கள் கையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று கப்பல் பட்டியலில் மு.வின் பதிவு. வயது 22, ஜில்லா வட ஆற்காடு, தாலூகா வந்தவாசி, எங்கள் ஊர்ப் பெயர் (எழுத்து கொஞ்சம் சிதைந்திருக்கிறது), இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. தகப்பன் பெயர் அ. இன்னொன்று அவர் அங்கே இறந்தபோது எழுதிய மரண அறிவிப்பு. அதிலும் பெற்றோர் என்ற இடத்தில் அ.தான்.

எங்கள் ஆள் வெ.யின் பிள்ளை. அவர்கள் ஆள் அ.வின் பிள்ளை. ஊரும் காலமும் பெயரும் பொருந்துகின்றன, அப்பா மட்டும் பொருந்தவில்லை. கப்பல் பட்டியல் எழுதிய வெள்ளைக்காரக் குமாஸ்தா தப்பாக எழுதியிருப்பான் என்கிறார் அத்தை. ஆனால் இரண்டு தாளிலும் ஒரே தப்பு வருமா? அவர்கள் எங்களைச் "சொந்தம்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஆதாரமில்லாமல் தலையாட்ட எனக்கு மனம் வரவில்லை.

#2 நாலாம்தலைமுறை

வணக்கம் சகோதரி. என் பாட்டி வழியும் நேட்டால்தான். பதினைந்து வருஷமாகக் கப்பல் பட்டியல்களோடு பழகிவருகிறேன்.

முதலில் அந்தப் பட்டியல் என்ன என்று சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். 1866லிருந்து 1874 வரை மட்டும் ஆள் போகவில்லை. மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. அதோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் எழுதினார்கள். இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றித் தேடும்படி செய்திருக்கிறார்கள். டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் பார்க்கலாம்.

இனி உங்கள் கேள்வி. இரண்டு தாளிலும் ஒரே பெயர் என்பதால் இரண்டு சாட்சி என்று நினைக்கிறீர்கள். இருக்கிறது ஒரே சாட்சி. கப்பல் பட்டியலில் தகப்பன் பெயரைச் சொன்னது மு.வின் வாய். மரண அறிவிப்பில் சொன்னது அநேகமாக அவர் மகனோ மனைவியோ. அவர்களுக்கு யார் சொன்னது? அதே மு. வந்தவாசிப் பக்கத்து அ.வை அவர்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

மு. உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டும் உண்மை. மு. எதையாவது மறைத்திருந்தால் இரண்டும் பொய். இந்த இரண்டு தாளை வைத்து அதற்குமேல் போக முடியாது. மு.வின் வாயை நம்பாத மூன்றாவது தாள் ஒன்று வேண்டும். அது உங்கள் ஊரில்தான் இருக்கும்.

ஒரு வேலை இப்போதே செய்யுங்கள். மரண அறிவிப்பின் கடைசியில் கையெழுத்து யாருடையது, இறந்தவருக்கு என்ன உறவு என்று பாருங்கள். அந்த வரியைப் பலரும் படிப்பதே இல்லை. முழுக் கோப்பும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக்காப்பகத்தில் இருக்கலாம், அதில் காலனி எண் குறித்திருந்தால் பட்டியலில் இருக்கிறவரும் இறந்தவரும் ஒரே ஆள் என்பது உறுதியாகிவிடும். அது உறுதியாகாமல் "அப்பா யார்" என்ற கேள்விக்கே வரக்கூடாது.

#3 கரிசல்காற்று

இவ்வளவு சுற்ற வேண்டுமா? இரண்டு பக்கமும் எச்சில் கொடுத்து மரபணுச் சோதனை செய்தால் ஒரே நாளில் தெரிந்துவிடுமே.

#4 நாலாம்தலைமுறை

தெரியாது நண்பரே. இந்த வழக்கில் குறிப்பாகத் தெரியாது. ஆண்வழி மரபணு அப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே போகும். அ.வும் வெ.யும் அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மு. யாருக்குப் பிறந்திருந்தாலும் சோதனை ஒரே பதிலைத்தான் தரும். பங்காளிகளா என்று சொல்லும், எந்தச் சகோதரனின் பிள்ளை என்று சொல்லாது. மற்ற மரபணு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறைகிறது. நாலைந்து தலைமுறை தாண்டினால் உண்மையான பங்காளிகளுக்குள்கூட ஒரு துண்டும் பொதுவாக இல்லாமல் போகலாம். அதோடு மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிவந்த குடும்பங்களில் எல்லோரும் எல்லோருக்கும் நாலு வழியில் சொந்தம். தூரத்து உறவு கிட்டத்து உறவு மாதிரி காட்டும். சோதனை செய்யவேண்டாம் என்று சொல்லவில்லை, தாளுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். தாளுக்குப் பதிலாக வைக்கமுடியாது.

#5 பதிவறை

பதிவுத்துறையில் முப்பது வருஷத்துக்குமேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மா, உங்களிடம் ஒரு கேள்வி. அந்த மூன்று சகோதரர்களுக்கும் நிலம் இருந்ததா? இருந்திருந்தால் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பிரித்திருந்தால் பத்திரம் எழுதியிருப்பார்கள்.

அந்தக் காலத்துக் கிராமத்துப் பையனுக்குப் பிறப்புச் சான்று தேடிக் காலத்தை வீணாக்காதீர்கள். சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899ல்தான் வந்தது. மு. அதற்கு நாற்பது வருஷம் முன்னால் பிறந்தவர். பத்திரப்பதிவு அப்படியில்லை, 1864ஆம் வருஷச் சட்டத்திலிருந்து தொடர்ச்சியாக இருக்கிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலப் பத்திரம் என்றால் பதிவு கட்டாயம். ஒவ்வொரு பத்திரத்திலும் எழுதிக்கொடுத்தவர் பெயருக்கு முன்னால் "இன்னார் குமாரன்" என்று இருக்கும். நம் நாட்டில் பிறப்புப் பதிவு இல்லாத காலத்துக்குப் பிறப்புப் பதிவு மாதிரி உதவுவது அந்த இரண்டு சொல்தான்.

அசல் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். பெயர்வழி அட்டவணை ஒன்றும் சொத்துவழி அட்டவணை ஒன்றும் இருக்கும். ஆள் பெயர் எழுத்துப்பிழையில் சிக்கியிருந்தால் ஊர்ப் பெயரை வைத்து இரண்டாவதில் தேடுங்கள்.

பத்திரத்தில் தமிழ் வருஷம் மட்டும் போட்டிருந்தால் கவனம் தேவை. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும். முத்திரைத்தாளில் யாருடைய தலை அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். விக்டோரியா மகாராணி தலையா, ஜார்ஜ் ராஜா தலையா என்பதில் சுழற்சி தீர்ந்துவிடும்.

#6 மணற்கரை

நான் மொரீசியஸ் பக்கத்து ஆள். அங்கே நிலைமை கொஞ்சம் வேறு. ஆனாலும் ஒரு பாடம் பொதுவானது என்பதால் எழுதுகிறேன்.

மொரீசியஸில் பிரெஞ்சு முறைப்படி பிறப்பைக் குடிமைப் பதிவில் எழுதினார்கள். கோயிலில் தாலி கட்டிய கல்யாணம் அந்தப் பதிவின் கண்ணில் கல்யாணம் ஆகாது. அதனால் தகப்பன் நேரில் போய் "என் பிள்ளை" என்று ஏற்றுக்கொண்டால்தான் அவன் பெயர் ஏறும். போகவில்லையென்றால் தாய் பெயர் மட்டும். என் பூட்டிக்கு அப்பா பெயரே இல்லை. அப்பா தெரியாத பிள்ளை என்று குடும்பத்தில் ரொம்ப நாள் வெட்கப்பட்டு மறைத்தார்கள். மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறிகளின் பதிவேடுகளும் புகைப்படங்களும் இருக்கின்றன. அங்கே தேடியபோது, அதே தோட்டத்தில், பதினொரு வருஷம் கழித்து, இரண்டு பேரும் முறைப்படி பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு, அதே தாளில் முன்பு பிறந்த நாலு பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டது தெரிந்தது. என் பூட்டி அதில் இரண்டாவது. அந்தத் தாளைப் பார்த்தபோது பாட்டி உயிரோடு இல்லையே என்றுதான் அழுதேன்.

பிறப்புப் பதிவில் அப்பா இடம் காலியாக இருந்தால் பெற்றோரின் கல்யாணப் பதிவைப் பத்துப் பதினைந்து வருஷம் பின்னால் வரை தேடுங்கள்.

#7 ஏட்டுப்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. பதிவறை ஐயா சொன்னது பலித்தது! அத்தை வீட்டுப் பரண்மேல் தகரப்பெட்டி. அதில் பாகப்பத்திரம். சித்திரபானு வருஷம் ஆவணி மாதம். முத்திரைத்தாளில் விக்டோரியா மகாராணி தலை. அப்படியென்றால் 1882 தானே?

மடிப்பில் கிழிந்திருக்கிறது. மை செம்பழுப்பாகிவிட்டது. இரண்டு பக்கங்கள், இரண்டாவது பக்கத்தில் பூச்சி அரித்த இடங்கள் உண்டு. முதல் பக்கத்தில் இப்படி: "காலஞ்சென்ற வெ. குமாரர்களாகிய நாங்கள் மூவரும் எங்களுக்குள் ராஜியாய் எழுதிக்கொண்ட பாகப்பத்திரம் என்னவென்றால்..." நாலு வரி தள்ளி: "நமது சகோதரர் மு. நேட்டால் தேசம் போயிருக்கிறபடியால்..."

சகோதரர் என்று எழுத்தில் இருக்கிறது! நேட்டால் என்றும் இருக்கிறது. எனவே மு. வெ.யின் பிள்ளைதான். பட்டியலில் அ. என்று எழுதியது தவறு என்று எடுத்துக்கொள்ளலாம். சொந்த ஊரில், சொந்தச் சகோதரர்கள், பதிவாளர் முன்னால் எழுதியது அல்லவா?

மரண அறிவிப்பில் கையெழுத்துப் போட்டது மகன். காலனி எண்ணும் கோப்பில் இருக்கிறதாம், பட்டியல் எண்ணோடு ஒத்துப்போகிறது.

#8 பதிவறை

ஆமாம், சித்திரபானு 1882-83. அதற்கடுத்தது 1942. மகாராணி தலை இருப்பதால் சந்தேகமில்லை.

ஆனால் கொஞ்சம் நில்லுங்கள் அம்மா. "சகோதரர்" என்ற சொல்லை இன்றைய அர்த்தத்தில் படிக்கிறீர்கள். நம் முறையில் பெரியப்பா பிள்ளை யார்? அண்ணன். சித்தப்பா பிள்ளை? தம்பி. "பெரியப்பா மகன்" என்று யாராவது உங்கள் ஊரில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? பத்திரத்திலும் அப்படியே எழுதுவார்கள். அப்பாவின் அண்ணனும் அப்பாதான், பெரிய அப்பா. உங்கள் வீட்டுக் கதையில் "நாலு அண்ணன் தம்பி" என்று வருவது பொய்யில்லை. ஒரு வயிற்றில் பிறந்த நாலு பேர் என்று அந்தக் கதை சொல்லவே இல்லை. நாம்தான் அப்படிக் கேட்டுக்கொண்டோம்.

இன்னொன்று. பத்திரத்தின் தலைப்பில் வெ.யின் குமாரர்கள் "மூவரும்" என்று எழுதியிருக்கிறார்கள். நாலாவது குமாரன் ஊரில் இல்லாவிட்டாலும், "நால்வரில் இன்னார் வெளிதேசம் போயிருப்பதால் மற்ற மூவரும்" என்று எழுதுவதுதான் வழக்கம். நான் படித்த நூற்றுக்கணக்கான பழைய பத்திரங்களில் இப்படித்தான்.

சண்டை போடவேண்டாம், பத்திரமே பதில் சொல்லும். மு.வுக்கு எவ்வளவு நிலம் ஒதுக்கினார்கள்? அளவைச் சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

#9 ஏட்டுப்பெட்டி

ஐயா, இரண்டாவது பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்து, கைப்பேசியில் பெரிதாக்கி, அத்தையும் நானும் எழுத்தெழுத்தாகப் படித்தோம். ஒரு மத்தியானம் முழுக்கப் போனது.

மொத்தம் பிதுரார்ஜித நஞ்செய் 8 காணி. மூன்று சகோதரர்களுக்கும் ஆளுக்கு 1 1/3 காணி. மு.வுக்கு 4 காணி.

முதலில் தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஊரைவிட்டுப் போனவருக்கு, இருக்கிறவர்களைவிட மூன்று மடங்கா? கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தோம். நாலும் நாலும் எட்டு.

#10 பதிவறை

இதைத்தான் எதிர்பார்த்தேன்.

பாட்டன் சொத்து அண்ணன் தம்பி இருவருக்கு வந்தால் முதலில் இரண்டு கூறாகும். பிறகு ஒவ்வொரு கூறும் அவரவர் பிள்ளைகளுக்குள் பிரியும். வெ. கூறு 4 காணி, பிள்ளைகள் மூவர், ஆளுக்கு 1 1/3. அண்ணன் கூறு 4 காணி, அதற்கு வாரிசு மு. ஒருவர்தான். மு. வெ.யின் நாலாவது பிள்ளையாக இருந்திருந்தால் நாலு பேருக்கும் ஆளுக்கு 2 காணி விழுந்திருக்கும். கணக்கு ஒத்துக்கொள்ளாது.

யாருடைய பிள்ளை என்று ஒரு வரிகூட எழுதாமல் போயிருந்தாலும் இந்தப் பங்கு அளவு சொல்லிவிடும். உறவைச் சொல்லும்போது மரியாதைக்கும் பாசத்துக்கும் சொல்லை மாற்றுவார்கள். நிலத்தைப் பிரிக்கும்போது கால் குழி விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தன் பங்கிலிருந்து எடுத்து மூன்று மடங்கு கொடுக்கிறார்கள் என்றால் மறுக்கமுடியாத உரிமை அங்கே இருந்திருக்கிறது.

இரண்டாம் பக்கத்தில் மு. பாகம் தொடங்குகிற வரியைப் பாருங்கள். "வகையறா", அதாவது இன்னார் வழியினர் என்ற சொல் இருக்கிறதா?

#11 கரிசல்காற்று

நான் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மு.வை யாராவது சுவீகாரம் எடுத்திருந்தால்? வெ. தன் பிள்ளையை அண்ணனுக்குத் தத்துக் கொடுத்திருக்கலாம் அல்லவா? அப்போதும் 4 காணிதான் வரும்.

#12 நாலாம்தலைமுறை

சரியான கேள்வி. தத்துப் பிள்ளைக்குத் தத்தெடுத்தவர் பெயர்தான் தகப்பன் பெயராக வரும், பங்கும் அந்தக் கூறில்தான். எனவே பங்கு அளவு மட்டும் அதை விலக்காது. இருவழி உண்டு. பத்திரத்தில் "சுவீகார புத்திரர்" என்ற சொல் வருகிறதா என்று பார்க்கவேண்டும். சொத்து விஷயத்தில் தத்து என்றால் அதை எழுதாமல் விட மாட்டார்கள், பிற்பாடு வழக்கு வரும் என்ற பயம் உண்டு. இரண்டாவது, வீட்டுக் கதையில் தத்து என்ற பேச்சு எங்காவது வருகிறதா என்று அத்தையிடம் கேளுங்கள். கேட்கும்போது பதிலை நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள்.

இன்னொரு ஓட்டையையும் அடைத்துவிடலாம். அதே ஊரிலிருந்து அதே பெயரில் வேறொரு மு. நேட்டால் போயிருந்தால்? நேற்று இரவு உட்கார்ந்து பட்டியலில் தேடினேன். ஜில்லா வட ஆற்காடு, தாலூகா வந்தவாசி என்று வைத்து, 1874லிருந்து 1882 முடிய வந்த கப்பல்களில், உங்கள் ஊர்ப் பெயர் எப்படியெல்லாம் சிதைந்து எழுதப்பட்டிருக்கலாமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பார்த்தேன். ஊர்க்காரர்கள் பதினாலு பேர் கிடைத்தார்கள். மு. என்ற பெயருக்கு நெருங்கியவர் இரண்டு பேர். ஒருவர் பெண்பிள்ளையோடு போன ஐம்பது வயதுக்காரர். மிச்சம் உங்கள் மு. மட்டும்தான்.

#13 ஏட்டுப்பெட்டி

பதிவறை ஐயா, நீங்கள் பார்க்காமலே சொன்ன சொல் இருக்கிறது.

"நமது பெரிய தகப்பனார் காலஞ்சென்ற அ. வகையறாப் பாகம் சரிபாதி நஞ்செய் 4 காணியும், மேற்படியாரின் ஏக குமாரர் மு. திரும்பி வருமட்டும் நம்மில் மூத்தவர் பயிரிட்டுத் தீர்வை கட்டிவரவும், அவர் வந்தவுடன் யாதொரு ஆட்சேபனையுமின்றி ஒப்புவிக்கவும் கடவோம்."

அ. என்ற பெயரின் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. முதலெழுத்தும் கடைசி இரண்டெழுத்தும் தெளிவாக இருக்கின்றன. டர்பன் தாள்களில் உள்ள பெயரோடு பொருந்துகிறது. பதிவுப் புத்தக நகலுக்கு மனுப் போட்டிருக்கிறேன், அதில் முழுப் பெயர் வரும்.

"ஏக குமாரர்" என்றுதான் இருக்கிறது, சுவீகாரம் இல்லை. அத்தையிடம் "மு. எந்த வீட்டில் வளர்ந்தார்" என்று மட்டும் கேட்டேன். "அம்மா அப்பா ரெண்டு பேரும் காய்ச்சலில் போய்ட்டாங்களாம், சின்ன தாத்தா வீட்ல வச்சு வளர்த்தாராம்" என்றார். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீ அப்பா பேரைத்தானே கேட்ட" என்கிறார்.

அப்படியானால் குமாஸ்தா தவறு செய்யவில்லை. மு.வும் எதையும் மறைக்கவில்லை. 22 வயதில், கப்பலுக்கு முன்னால் நின்று, வளர்த்த சித்தப்பாவின் பெயரைச் சொல்லாமல் இறந்துபோன அப்பாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். முதலில் அவரைச் சந்தேகப்பட்டு எழுதியதற்கு இப்போது வருத்தமாக இருக்கிறது.

#14 பதிவறை

நகல் கையில் வந்ததும் அசலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள் அம்மா. புத்தகத்தில் ஏற்றிய எழுத்தரும் மனிதர்தான், ஒரு வரி விடுவதுண்டு. பத்திரத்தை மேலும் மடிக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டவும் வேண்டாம், அது தாளைத் தின்றுவிடும். பருத்தித் துணியில் தட்டையாக வையுங்கள்.

சாட்சிகள் பெயரையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கீறல் போட்டவர்கள் யார், கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்றும். மு.வின் தாய்வழியைத் தேடும்போது அந்தச் சாட்சிகளில் ஒருவர் தாய்மாமனாக இருக்கக்கூடும்.

#15 ஏட்டுப்பெட்டி

டர்பன் குடும்பத்தாரிடம் நேற்றுப் பேசினேன். அவர்களில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. வீடியோவில் பத்திரத்தைக் காட்டி அந்த வரியை மெதுவாகப் படித்தேன், பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த வீட்டுப் பெரியவர், மு.வின் கொள்ளுப்பேரன், ஒன்றே ஒன்று கேட்டார்: "நிலத்தை வச்சிருந்தாங்களா? நிஜமாவே அவருக்காக வச்சிருந்தாங்களா?"

வைத்திருந்தார்கள் என்றேன். எதுவரை என்று தெரிந்துகொள்ள வில்லங்கம் போட்டுப் பார்க்கவேண்டும். அடுத்த மனு அதுதான். "திரும்பி வருமட்டும்" என்ற இரண்டு சொல்லை மட்டும் தனியாகப் பெரிதாகப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டேன்.